சொல்லும் ஆள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. காரணம் கீழே வருகிறது, பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

போன கடிதத்தில் "மாத்திரை போட்டாயா?" என்று மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கையெழுத்துக்குக் கீழே ஒரு தடவை கேட்டிருந்தாய். நீ மட்டும் இல்லை. எட்டு வருடமாக என்னைப் பார்க்கிற எல்லோருக்கும் வாயில் முதலில் வருவது அதுதான். சலவைக்கூடத்தில் நான் இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பில் ஓரமாக ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், மேஸ்திரி என் முகத்தைப் பார்ப்பார். பக்கத்து மேஜைக்காரி விரிப்பையே தீய்த்துவிட்டாள். அவளிடம் யாரும் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியும் இல்லாமல் தனிக்குடித்தனமும் இல்லாமல், மனசு சரியில்லாமல் போய்த் தேறிய ஐந்து பேர் சேர்ந்து இருக்கிற வீடு. பகலில் பொறுப்பாளர் மேடம் வந்து போகிறார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. "சரியா இருக்கியா, மாத்திரை போட்டியா" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அதற்கென்று ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குச் "சொல்லும் ஆள்" என்று பெயர். "நீ சரியில்ல" என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். அவர் சொன்னால் நாம் எரிந்து விழக் கூடாது. உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் பேச வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்க வேண்டும்.

என்னுடைய சொல்லும் ஆள் கண்டக்டர். பஸ்ஸில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்றவர், மாடியறைக்காரர். இன்னமும் சாப்பாட்டு மேஜையில் "உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி உக்காருங்க" என்பார். அதனால் இனிமேல் உன் கடிதத்தில் நலம் விசாரிக்காதே. வேறு எதை வேண்டுமானாலும் எழுது.

இன்னொன்று. இரண்டு தெரு தள்ளி, இந்த வீட்டை நடத்துகிற அமைப்புக்கே தனி வீடுகள் நான்கு இருக்கின்றன. ஓர் அறை, சமையலறை, குளியலறை, சொந்தமாக ஒரு வாசல் கதவு. வாரத்துக்கு ஒருமுறை மேடம் எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஜூனில் ஒன்று காலியாகிறது. எனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டேன். மே மாதம் குழு கூடி முடிவு செய்யும். அந்த வீடு எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும், தம்பி.

போன் வாங்கித் தருகிறேன் என்று மறுபடியும் எழுதாதே. ஆள் இல்லாமல் குரல் மட்டும் வருவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தச் சமாசாரத்தில் எனக்கு அனுபவம் போதும்.

குட்டியின் கன்னத்தைக் கிள்ளிவிடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவுப்படி நலம் விசாரிக்கவில்லை. உன் இஸ்திரிப் பெட்டி நலமா? கண்டக்டர், கண்டக்டரின் மூக்குக்கண்ணாடி, உங்கள் வீட்டு மாடிப்படி எல்லாம் சௌக்கியமா? கையைக் கட்டிப் போட்டுவிட்டுக் கடிதம் எழுது என்றால் நான் என்னதான் எழுதுவது?

தேடித் தேடி உனக்கு ஒரு பஸ் கண்டக்டர்தான் கிடைத்தாரா? எட்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டவன் நான். எனக்கு அந்த உரிமை இல்லை, நேற்று வந்தவருக்கு உண்டு. சரி, இருக்கட்டும்.

நேற்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் நாங்கள் பராமரிக்கிற லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். நான் மேலேயிருந்து "பயப்படாதீங்க ஐயா, பயப்படாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். "நான் பயப்படலப்பா, நீ கத்தறதுதான் பயமா இருக்கு" என்றார். கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தனி வீட்டுக்கு என்ன அவசரம்? இருக்கிற இடத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், பேச்சுத்துணை இருக்கிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே. வீட்டில் எல்லோரும் நலம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இஸ்திரிப் பெட்டி நலம். விசாரித்ததற்கு அதன் சார்பில் நன்றி.

அடுத்த வருடம் என்ற பேச்சே வேண்டாம். இந்த மாதம் முழுக்கத் தனி வீட்டுக்கு ஒத்திகை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் எனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் நாள் ஐந்து பேருக்கு வேண்டிய காய் வெந்துகொண்டிருந்தது. கண்டக்டர் தட்டோடு வந்து நின்று, "ஒத்திகைன்னா பார்க்க ஆள் வேணுமில்ல?" என்றார். மின்சாரக் கட்டணம் கட்டுவது, அடுப்பை அணைத்தோமா என்று ஒரே தடவை மட்டும் பார்ப்பது, யாராவது கதவைத் தட்டினால் யார் என்று கேட்டுவிட்டுத் திறப்பது, எல்லாம் பழகுகிறேன். கேட்டால் சின்ன விஷயம். எனக்கு ஒவ்வொன்றும் மலை.

உன் கடிதங்களின் அடியில் உன் வீட்டுக்காரி எப்போதும் இரண்டு வரி எழுதுவாள். குட்டி ஒரு பூனையாவது கிறுக்கியிருப்பாள். போன கடிதத்தில் இரண்டும் இல்லை. என்மேல் ஏதாவது கோபமா?

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள், தலைக்கு மேல் வேலை. கோபம் எல்லாம் ஒன்றும் இல்லை. அவளுக்கும் வேலை, குட்டிக்குப் பரீட்சை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அடுப்பை இரண்டு தடவை பார்த்தால்தான் என்ன? நான் பார்க்கிறேனே.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி, தம்பி, தம்பி!

வணக்கம் போட மறந்துவிட்டேன், போட்டதாக வைத்துக்கொள். மேடம் நேற்றுச் சொன்னார், "கூட்டம் சும்மா பேருக்குத்தான், வீடு அனேகமா உங்களுக்குத்தான்" என்று! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேலை முடிந்ததும் அந்த வீட்டைத் தெருவிலிருந்தே போய்ப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியது, பார்த்தேன். சாயங்காலம் கண்டக்டரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஜன்னல் கிழக்கைப் பார்த்தது. ஜன்னலுக்கு மஞ்சள் துணி வாங்கிவிட்டேன், நல்ல பளிச்சென்ற மஞ்சள், கடைக்காரர் "கல்யாணமா?" என்று கேட்டார், நான் "ஆமா, எனக்கும் ஒரு கதவுக்கும்" என்றேன், அவர் மிரண்டுபோய்த் துணியை ஒரு சாண் கூடவே வெட்டிக் கொடுத்துவிட்டார்! பழைய நாற்காலி ஒன்றுக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். இரவு தூக்கமே வரவில்லை. படுத்துக்கொண்டே எங்கே கட்டில், எங்கே மேஜை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எட்டு வருடத்தில் இப்படிச் சிரித்ததே இல்லை. எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

உன் அக்கா, அக்கா!


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டில் இருக்கும் என் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அவளிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு உடனே தங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். தூக்கம் இல்லை என்கிறாள். ஒரே வீட்டை ஒரே நாளில் மூன்று தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். கடைக்காரரிடம் என்னென்னவோ பேசியிருக்கிறாள். நாற்காலிக்கு வண்ணம் அடிக்கிறாள். எட்டு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் ஆரம்பித்தது. கொளுத்தும் வெயிலில் ஒருநாள் எங்கள் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் குடை வாங்கி வந்தாள். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவளை நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தனி வீடு இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தயவுசெய்து அவளைக் கவனியுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
அவள் தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். மற்றவர்கள் நலத்தைக் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய், உனக்கு என்ன குறை?

உன் கடிதத்தை மேடம் என் எதிரில் உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் படித்துக் காட்டினார். ஒருவரைப் பற்றி வருகிற எதையும் அவருக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டின் வழக்கம். உனக்கு எங்கே தெரியப்போகிறது? உங்கள் உலகத்தில் எங்களைப் பற்றிய பேச்செல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான்.

படித்து முடித்ததும் என் சொல்லும் ஆளைக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்கு முடியாம இருந்தப்பவும் நான் பார்த்திருக்கேன் மேடம். போன வருஷம் நான்தான் சொன்னேன். தண்ணி குடிச்சாங்க, என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. அப்ப சிரிக்கும்போது எங்க யாரையுமே பார்க்கமாட்டாங்க. இப்ப சிரிச்சுக்கிட்டே எனக்கும் சேர்த்து டீ போடறாங்க. முதல் நாள் ராத்திரி தூங்கல, மறுநாள் குறட்டை மாடி வரைக்கும் கேட்டுச்சு. இது சந்தோஷம் மேடம். இதுக்கெல்லாம் மருந்து கிடையாது."

மேடத்துக்குப் புரிந்தது. ஆனாலும் குடும்பத்திலிருந்து எழுத்தில் வந்துவிட்டதால் குழுவின் முன்னால் வைக்காமல் இருக்க முடியாதாம். என் விஷயம் ஜூனுக்குத் தள்ளிப்போய்விட்டது. அதற்குள் அதே வீட்டை வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். கேட்க மாட்டார்களா?

கோபப்படலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், தெரியுமா? எனக்குக் கோபம் வந்தால் அதையும் நோய் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பு விரிப்பாக இஸ்திரி போட்டேன். அப்புறம் முடிவு செய்தேன், இது நல்ல கோபம், முறையான கோபம், இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்று. ஆகவே கேட்டுக்கொள். உன்மேல் எனக்கு அடக்க முடியாத கோபம். நான் அழுதால் உனக்கு நிம்மதி, சிரித்தால் உனக்குப் பயம். அப்படியானால் நான் என்னதான் செய்ய வேண்டும், சொல்லு? மரக்கட்டை மாதிரி இருந்தால் "அக்கா தேறிட்டா" என்று ஊரெல்லாம் சொல்வாயா?

குடை வாங்கியது நான்தான். மறுக்கவில்லை. அதற்காகச் சாகும் வரைக்கும் ஒரு துணிகூட வாங்கக் கூடாதா?

ஜூன் கூட்டத்தில் நானே பேசப்போகிறேன். வீட்டை வாங்காமல் விடமாட்டேன்.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ திட்டியது எல்லாம் சரி. மேடத்துக்கு எழுதியிருக்கக் கூடாது, எழுதினாலும் உனக்குச் சொல்லிவிட்டு எழுதியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயம், அக்கா. நிஜமாகவே பயம். உன் கடிதத்தில் அத்தனை ஆச்சரியக்குறிகளைப் பார்த்ததும் எனக்கு அந்தக் குடைகள்தான் ஞாபகம் வந்தன. சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அது வருகிறது என்று என் மண்டையில் ஏறிவிட்டது. இறக்கத் தெரியவில்லை.

உனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?

ஒன்று கேட்கிறேன். என்னை உன் சொல்லும் ஆளாக வைத்துக்கொள்ளேன். விதிப்படி நடந்துகொள்கிறேன். தண்ணீர் டம்ளர்கூட நானே வாங்கி அனுப்புகிறேன்.

தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

வீடு கிடைத்துவிட்டது. சாவி இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் மேஜைமேல் இருக்கிறது. கோபம் முக்கால்வாசி போய்விட்டது, மீதியை வைத்திருக்கிறேன், தேவைப்படும்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார், "ராத்திரி தூக்கம் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

திடுக்கிட்டார். அப்புறம் அவரே, "விட்டத்தைப் பார்த்துக்கிட்டு கிடப்பேன்" என்றார்.

"முதல் நாள் நானும் அதேதான். ரெண்டாவது நாளும் வரலைன்னா எங்க கண்டக்டர் கதவைத் தட்டுவேன். உங்களுக்குத் தட்ட ஒரு கதவு இருக்கா?"

கடைசியில் ஓர் அம்மா உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க தம்பி இவ்வளவு பயப்படறாரே?" என்று கேட்டார். எனக்கு ஒரு நொடி கண்ணில் தண்ணீர் முட்டியது. "அவன் பயம் அவனோடதுங்க. அவன் பயப்படறான்னு நான் வீடில்லாம இருக்க முடியாது" என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. சொல்லும் ஆள் எனக்கு இருக்கிறார். வேண்டும் என்றால் இன்னொருவரையும் தேடிக்கொள்வேன். தம்பிக்கு எங்கே போவேன்? இருப்பது நீ ஒருத்தன். எட்டு வருடமாக நீ எனக்குத் தம்பியாக இல்லை, வார்டு பாய் மாதிரி இருக்கிறாய். நடுவில் ஒருநாள்கூட என்னிடம் "அக்கா, எனக்குத் தலைவலி" என்று சொன்னதில்லை. சொன்னால் அக்காவுக்குத் தாங்காது என்று யார் உனக்குச் சொன்னது?

இனி நான் அக்காவாகக் கேட்கிறேன், காது குத்தாமல் பதில் எழுது. "எனக்கு இப்போது யார் இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரி எங்கே? குட்டி எங்கே? பிப்ரவரியில் "எல்லோரும் நலம்" என்றாய். மார்ச்சில் "நான் நலம்" என்றாய். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

உன் அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு கிடைத்ததில் சந்தோஷம். மனசார எழுதுகிறேன், நம்பு.

அவள் ஜனவரியிலேயே குட்டியை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் நினைத்தேன். சண்டை, சச்சரவு, வேறு பெண், குடி, அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குட்டிக்குப் பத்து வயது ஆகிறது. அவளுக்கு உன் முகம், உன் சிரிப்பு. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், தரையில் உருளுவாள். அவள் உருள ஆரம்பித்ததும் நான் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்துவேன். "போதும், நிறுத்து. நேத்து ராத்திரி நல்லா தூங்கினியா? தலைக்குள்ள ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று கேட்பேன். தினமும் கேட்டேன், அக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடமும் கேட்டேன். பிள்ளை சத்தமாகப் பாடினால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஒருநாள் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். உள்ளே அம்மாவும் பெண்ணும் சிரிக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. நான் கதவைத் திறந்ததும் குட்டி கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியை எடுத்துவிட்டாள். "பிள்ளை உங்க முன்னாடி சிரிக்கவே பயப்படுது. இதுக்கு மேல என்னால முடியாது" என்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என் பக்கம் என்ன நியாயம் இருந்தது?

வீட்டில் சத்தமே இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, அக்கா. நீ சொல்.

உன் தம்பி


ஜூலை 22

என் தம்பிக்கு,

எட்டு வருடத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான். படித்துவிட்டு உனக்காக உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒன்றும் ஆகவில்லை.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். உன் வீட்டுக்காரிக்கு எழுதினேன். உனக்குத் தெரியக் கூடாது என்று எழுதவில்லை, தெரிவித்துவிட்டேன் பார். பதில் வந்தது. "அவர் விஷயத்துல நான் எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது அண்ணி, உங்க வீட்டுக்கு வரச் சொன்னா வரேன்" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை குட்டியோடு வருகிறாள். சாயங்காலமே திரும்பிவிடுவாள். அதற்கு மேல் அவளை வற்புறுத்தாதே. நானும் மாட்டேன்.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. முன்பு இருந்த வீட்டில் விருந்தாளி வந்தால் மேடத்திடம் சொல்ல வேண்டும், பொழுது சாய்ந்தால் அனுப்பிவிட வேண்டும். இது என் வீடு. இங்கே யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும். நீ வா. வேண்டிய மட்டும் தங்கு. கட்டில் ஒன்றுதான், அது எனக்கு. நீ தரையில் படு.

ஞாயிற்றுக்கிழமை குட்டி வந்ததும் நான் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். கண்டக்டரை வேறு கூப்பிட்டிருக்கிறேன். பஸ்ஸில் ஓர் ஆட்டுக்குட்டிக்குச் சீட்டுக் கிழித்த கதையை அவர் ஆரம்பித்தால் போதும், எனக்கு வயிறு வலிக்கும் வரைக்கும் சிரிப்பு வரும். குட்டிக்கும் வரும். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனால் நான் பிடித்துக்கொள்வேன். நாங்கள் இரண்டு பேரும் உன் கண்ணெதிரில் தரையில் உருண்டு சிரிக்கப்போகிறோம்.

நீ பயப்படாதே என்று சொல்லமாட்டேன். பயந்துகொண்டே உட்கார்ந்திரு. எழுந்து போகாதே, ஒன்றும் கேட்காதே. நாங்கள் சிரித்து முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்து பார்.

உன் அக்கா